பஞ்சாங்கமும் தொலைநோக்கியும்

சனிக் கிரகம் மகர ராசியை விட்டுக் கும்ப ராசிக்குப் பெயர்ந்தது எந்தத் தேதியில் என்று ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர் 2023-ம் வருஷம் ஜனவரி மாதம் 17-ந் தேதி என்பார். வாக்கியப் பஞ்சாங்கக்காரர் அதே வருஷம் டிசம்பர் மாதம் 20-ந் தேதி என்பார். திருநள்ளாற்றுக் கோவிலில் உற்சவம் நடந்ததும், ஜனங்கள் நெருக்கியடித்துக் கொண்டு நளதீர்த்தத்தில் முழுகியதும் டிசம்பரில்தான். ஒரே கிரகம், ஒரே வானம், ஒரே பெயர்ச்சி. வித்தியாசமோ பதினொரு மாதம்! அத்தோடாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. அதற்கு அடுத்த பெயர்ச்சி 2025 மார்ச் 29-ந் தேதி என்று ஒரு கூட்டத்தார் ஊரெல்லாம் பரிகாரம் செய்வித்தார்கள். திருநள்ளாற்றுக் கோவிலாரோ, "எங்கள் பஞ்சாங்கப்படி அது 2026-ம் வருஷத்தில்தான்" என்று அறிவித்தார்கள்.

ஏழரைச் சனி பிடித்திருக்கின்றது என்று பயந்து போய் எள் விளக்கு ஏற்றுகின்ற ஏழைக் குடியானவன் ஒருவனுக்கு இந்த இடைப்பட்ட பதினொரு மாதத்தில் சனி இருந்ததா, விலகியதா என்று எந்தச் சாஸ்திரியாராவது சொல்வாரா? சொல்லமாட்டார். இரண்டு தேதியிலும் வந்து தட்டில் காசு போட்டுவிட்டுப் போ என்பார். கிரகத்தின் இருப்பிடத்தில் இருவருக்கும் சண்டை உண்டு. தட்டில் விழும் காசில் மாத்திரம் சண்டையே கிடையாது.

இதோடு இன்னொரு விஷயத்தையும் வைத்துப் பாருங்கள். மேற்படி சனிக் கிரகத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கின்றது. அந்த வளையம் நமக்கு நேராக விளிம்பு வாட்டத்தில் திரும்பி, மெல்லிய கோடுபோல் ஆகிவிடும் நாள் 2025-ம் வருஷம் மார்ச் மாதம் 23-ந் தேதி என்று வான சாஸ்திரிகள் முன்கூட்டியே கணக்குச் சொன்னார்கள். இந்தத் தேதியில் ஜப்பான்காரனுக்கு ஒரு கணக்கு, ஜெர்மனிக்காரனுக்கு ஒரு கணக்கு, நம் காவலூர்க்காரருக்கு ஒரு கணக்கு என்று இருந்ததா? உலகம் முழுவதற்கும் ஒரே தேதிதான். பஞ்சாங்கக்காரர்கள் ஒரு வருஷத்துக்குக் கிட்ட வித்தியாசப்பட்டு நின்ற அதே மாதத்தில், அதே கிரகத்தைப் பற்றி, உலகத்து அறிஞர்கள் ஒரு நாள்கூட வித்தியாசப்படவில்லை. காரணம் என்ன? இவர்கள் கண்ணாடி வைத்து வானத்தைப் பார்க்கின்றார்கள்; ஒருவர் பார்த்ததை மற்றொருவர் சோதிக்கின்றார்; தப்பு என்று கண்டால் திருத்திக் கொள்ளுகின்றார்கள். அவர்களோ ஓலையைப் பார்க்கின்றார்கள். ஓலையைச் சோதிப்பது பாவம் என்கின்றார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நிற்க, "சனி எங்கே இருந்தால் என்ன? அதனால் நம் தறி ஓடாமல் நின்று விடுமா? இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். தறி நிற்காது, ஆனால் நம் வீட்டுப் பெண்களின் வாழ்க்கை நின்று விடுகின்றதே, அதற்கு என்ன சொல்லுகின்றீர்கள்? ஏனாத்தூரிலும், காஞ்சீபுரத்தைச் சுற்றியுள்ள எந்த நெசவாளர் தெருவிலும் போய்ப் பாருங்கள். செவ்வாய் தோஷம் என்று ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். மூலம் என்று ஒரு பெண் மாமனாருக்கு ஆகாதவளாவாள். ஆயில்யம் என்று ஒரு பெண் மாமியாருக்கு ஆகாதவளாவாள். கேட்டை என்றால் மூத்த மைத்துனனுக்கு ஆகாது. இப்படியாக ஒரு குற்றமும் செய்யாத பெண்கள் பிறந்த நேரத்துக்காகத் தண்டனை அனுபவிக்கின்றார்கள்.

மூலம் என்பது என்ன? வானத்தில் தேள்போல் காணப்படும் நட்சத்திரக் கூட்டத்தின் வால். இன்றிரவு நம் கண்ணில் படுகின்ற அந்த வாலின் வெளிச்சம், பல நூறு வருஷங்களுக்கு முன்னால் அங்கிருந்து புறப்பட்டது. அதாவது அந்தப் பெண்ணின் பாட்டிக்குப் பாட்டி பிறப்பதற்கும் முன்னால் புறப்பட்ட வெளிச்சம்! அந்த வெளிச்சத்துக்கு இந்தப் பெண்ணின் மாமனார் யார் என்று எப்படித் தெரியும்? செவ்வாயோவென்றால், 2013-ம் வருஷத்தில் நம் சர்க்காரே ஒரு விண்கலத்தை அனுப்பி, 2014 செப்டம்பர் 24-ந் தேதி அதைச் சுற்றும்படி செய்துவிட்ட ஒரு மண் உருண்டை. அந்த மண் உருண்டையின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, அதே கையால் ஜாதகக் கட்டத்தைப் பிரித்து, ஏழில் செவ்வாய் என்று பெண் வேண்டாமென்று எழுந்து போகின்றவனை என்னவென்று சொல்லுவது? விண்கலம் விடுகின்ற பெரியவர்களே அதன் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் ஏழுமலையான் பாதத்தில் வைத்து எடுக்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளியை மாத்திரம் குறை சொல்லி என்ன பயன்?

ஆகவே வானத்தைப் பற்றிய அறிவு வானத்தோடு நிற்பதல்ல. பிறப்பு, கலியாணம், சாவு, விதைப்பு, பயணம் ஆகிய எல்லாவற்றிலும் புரோகிதன் கை நீட்டுவதற்கு அவன் கையிலிருக்கும் சாசனம் வானமேயாகும். "நீ அண்ணாந்து பார்த்தாலும் உனக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத்தான் தெரியும்" என்பதுதான் அவன் பிழைப்பின் அஸ்திவாரம்.

காஞ்சீபுரத்தில் இந்தப் பிழைப்புக்குப் பஞ்சமே இல்லை. வரதராஜப் பெருமாள் கோவிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் கூரையில் பொறித்திருக்கின்றது; பக்கத்தில் சூரியனையும் சந்திரனையும் பொறித்திருக்கின்றது. அவற்றைத் தடவினால் தோஷம் போகும் என்று கட்டணம் கொடுத்து ஏணிப்படியேறித் தடவுகின்றார்கள். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சூரியனைப் பல்லிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஆக்கிவிட்ட பெருமை நம் ஊருக்கே உரியது! கேது தோஷத்துக்குச் சித்திரகுப்தன் கோவில் இருக்கின்றது. கேது என்றும் ராகு என்றும் வானத்தில் ஏதாவது பொருள் இருக்கின்றதா? கிடையவே கிடையாது. சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையைச் சந்திரனுடைய பாதை வெட்டுகின்ற இரண்டு இடங்களுக்குத்தான் அந்தப் பெயர்கள். இரண்டு தெரு கூடுகின்ற முச்சந்திக்குப் பெயர் வைத்து, "முச்சந்தி உன்னைப் பிடித்திருக்கின்றது, பரிகாரம் செய்" என்றால் ஒத்துக் கொள்ளுவீர்களா?

2019 டிசம்பர் 26-ந் தேதி கங்கண சூரிய கிரகணம் வந்தது. கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் பக்கங்களில் சூரியன் மோதிரம்போல் தெரிந்தது. நாடெங்கும் கோவில்களைச் சாத்தினார்கள். கர்ப்ப ஸ்திரீகளை அறையில் அடைத்தார்கள். தண்ணீரில் தர்ப்பையைப் போட்டார்கள். ஆனால் நமக்கு வடக்கே இருக்கும் காளஹஸ்தியில் மாத்திரம் கிரகணத்தன்று கோவிலைச் சாத்துவது வழக்கமில்லை. அது ராகு கேது பரிகார ஸ்தலமாம். கிரகணத்தால் ஒரு சாமிக்குத் தீட்டாகவும், இன்னொரு சாமிக்கு வரும்படியாகவும் இருக்குமானால், அதில் வானம் எங்கே இருக்கின்றது, வியாபாரம் எங்கே இருக்கின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து என்ன என்பதுதான் இப்போது நாம் சொல்ல வந்த விஷயம். மருந்து தொலைநோக்கி. அதுவும் பெரிய மலையில் பூட்டி வைத்திருக்கும் ஒரு தொலைநோக்கி போதாது. ஒவ்வொரு ஊரிலும் பொது ஜனங்களின் கையில் இருக்கின்ற தொலைநோக்கி வேண்டும். அந்தத் தொலைநோக்கிகளும் தனித் தனியாக நிற்காமல், உலகத்திலுள்ள இதர ஊர்த் தொலைநோக்கிகளோடு சேர்ந்து ஒரே கூட்டாக வேலை செய்ய வேண்டும்.

இது ஏதோ நாம் கனவு கண்டு சொல்லுவதல்ல. நம் சென்னையிலேயே இதற்கு விதை விழுந்திருக்கின்றது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கம்பெனியார் வானாராய்ச்சிக்கூடம் ஒன்றைக் கட்டினார்கள். அதில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-ம் வருஷத்தில், வெளிச்சம் கூடிக் குறைகின்ற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9-ந் தேதி சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கடந்தபோது, அது என்ன, எப்படிப் பார்ப்பது என்பதை ஜனங்களுக்கு விளக்கி, தேச பாஷைகளிலும் சிறு புத்தகம் வெளியிட்டார். அந்த நாளில் உலகத்தின் பல மூலைகளில் பலர் கண்ணாடி வைத்து மணியைக் குறித்தார்கள். ஒரே காட்சியை வெவ்வேறு தேசத்திலிருந்து பார்த்தால் சிறிது இடம் மாறித் தெரியும்; அந்த மாறுதலைக் கொண்டு சூரியனுடைய தூரத்தைக் கணக்கிடலாம். எவ்வளவு பெரிய மேதாவியானாலும் ஒரே ஆள் ஒரே இடத்தில் நின்று கொண்டு அந்தக் கணக்கைப் போட முடியாது.

இந்த ரகுநாதாச்சாரியாரே பழைய பஞ்சாங்கங்கள் வானத்தோடு ஒத்து வரவில்லை என்று சொல்லி, திருத்திய பஞ்சாங்கமும் வெளியிட்டார். கண்ணாடியில் கண்ணை வைத்த உடனே பஞ்சாங்கம் பிசகு என்று ஓர் ஆச்சாரியாருக்கே தெரிந்துவிட்டது. சொன்னவர் எந்த ஜாதி என்று பார்த்து நாம் உண்மையைத் தள்ளுகின்றவர்கள் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? திருத்திய கணக்கையும் பழைய கடையிலேயே வைத்து விற்கின்றார்கள். சரியான தராசை வாங்கி வந்து கலப்படச் சரக்கை நிறுத்துக் கொடுப்பதுபோல் ஆகிவிட்டது. ஆகையினால்தான் தொலைநோக்கி சில பேரிடத்தில் இருந்தால் போதாது, எல்லாரிடத்திலும் இருக்க வேண்டும் என்கின்றோம்.

அப்படி எல்லாரிடத்திலும் இருக்க முடியுமா? படித்த மேதாவிகளுக்கல்லவா அது ஆகும்? என்பவர்களுக்கு ஒரு வங்காளத் தோழரைக் காட்டுகின்றோம். ஜெஸ்ஸூர் என்னும் ஊரில், இன்று அது வங்காள தேசத்தில் இருக்கின்றது, ராதா கோவிந்த சந்திரர் என்று ஒருவர் இருந்தார். சர்க்கார் கஜானாவில் நாணயம் பார்த்து எண்ணுகின்ற உத்தியோகம். பள்ளிக்கூடப் பிரவேசப் பரீட்சையில் தேறாதவர். ஒரு சிறு தொலைநோக்கியை வைத்துக் கொண்டு இரவெல்லாம் வானத்தைப் பார்த்தார். 1918-ல் திடீரென்று பிரகாசித்த ஒரு புது நட்சத்திரத்தைத் தானாகவே கண்டார்.

அமெரிக்காவில் 1911-ம் வருஷத்தில் ஆல்காட் என்னும் ஒரு வக்கீல் முயற்சியால் ஒரு சங்கம் ஏற்பட்டது. வெளிச்சம் மாறுகின்ற நட்சத்திரங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்புவோர் சங்கம் அது. பெரும்பாலும் அதில் இருந்தவர்கள் வேறு வேறு தொழில் செய்து பிழைக்கின்ற சாமானியர்கள். அந்தச் சங்கத்தார் 1926-ல் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலேற்றி ஜெஸ்ஸூர் குமாஸ்தாவுக்கு அனுப்பி வைத்தார்கள். உன் ஜாதி என்ன, கோத்திரம் என்ன, எந்த மடத்துச் சிஷ்யன் என்று அவர்கள் கேட்கவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நட்சத்திரம், எவ்வளவு பிரகாசம் என்று மாத்திரமே கேட்டார்கள். அவரும் தம் ஆயுளில் சற்றேறக்குறைய 50 ஆயிரம் குறிப்புகளை எழுதி அனுப்பினார். அந்தத் தொலைநோக்கி பிற்காலத்தில் வைணு பாப்பு என்னும் வானாராய்ச்சியாளரிடம் வந்து, ஜவ்வாது மலையிலுள்ள நம் காவலூருக்கே வந்து சேர்ந்தது. அதே காவலூரில்தான் 2.34 மீட்டர் அகலமுள்ள பெரிய தொலைநோக்கியும் 1986 முதல் இருக்கின்றது. பரீட்சையில் தவறிய ஒரு குமாஸ்தா தொட்டுப் பார்த்த கண்ணாடி நம் மலையில் இருக்கின்றது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கின்றோம்?

இன்னொருவர் ஜான் டாப்சன். இவர் 1944 முதல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து வேதாந்த மடத்தில் சந்நியாசியாக இருந்தவர். கழித்துப் போட்ட கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, அதை மடத்துக்கு வெளியே தெருவில் உருட்டிக் கொண்டுபோய் வழிப்போக்கர்களுக்கெல்லாம் சந்திரனைக் காட்டினார். மடத்தார் 1967-ல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறு வருஷமே நடைபாதை வானாராய்ச்சிக்காரர் கூட்டம் ஒன்றை அவர் ஆரம்பித்தார். இன்றைக்கு உலகமெங்கும் மரப்பலகையும் கண்ணாடியும் கொண்டு சாமானியர்கள் செய்து கொள்ளும் தொலைநோக்கிக்கு அவர் பெயரே வழங்குகின்றது. மடத்திலிருந்து வெளியே வந்த பிறகே வானம் தெருவுக்கு வந்தது என்பதை மடங்கள் நிறைந்த காஞ்சீபுரத்தார் கவனிக்க வேண்டுகின்றோம்.

இனி, "காவலூரிலும் கோடைக்கானலிலும் பெரிய பெரிய தொலைநோக்கிகள் இருக்கும்போது நம் சிறு கண்ணாடி எதற்கு?" என்று கேட்கலாம். பெரிய கண்ணாடி ஒரு சமயத்தில் ஒரு சிறு மூலையைத்தான் பார்க்கும். வானமோ முழுவதும் இருக்கின்றது. இரவோ உலகத்தைச் சுற்றிக் கொண்டே போகின்றது. நமக்கு விடியும்போது ஆப்பிரிக்காவில் இருட்டு. அவர்களுக்கு விடியும்போது அமெரிக்காவில் இருட்டு. ஒரு நட்சத்திரத்தை விடாமல் காவல் காக்க வேண்டுமானால், கை மாற்றிக் கை மாற்றிப் பார்க்க எல்லாத் தேசத்திலும் ஆள் வேண்டும். ஒற்றை இழையால் சேலை நெய்ய முடியுமா?

மற்றொரு வேலையையும் கேளுங்கள். சூரியனைச் சுற்றும் ஒரு சிறு பாறை தூரத்து நட்சத்திரம் ஒன்றின் முன்னால் கடந்தால், அந்த நட்சத்திரம் சில செகண்டுகள் அணைந்து எரியும். ஏனாத்தூரில் நாலு செகண்டு, வாலாஜாபாத்தில் ஆறு செகண்டு, உத்திரமேரூரில் அணையவே இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்த மூன்று குறிப்புகளையும் ஒன்று சேர்த்தால் பாறையின் அகலமும் வடிவமும் வந்துவிடும். மூன்றாமவர் "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதிய குறிப்புக்கூட மற்ற இரண்டைப் போலவே விலையுள்ளது. 2013 ஜூன் 3-ந் தேதி தென் அமெரிக்காவில் பல இடங்களில் நிறுத்திய தொலைநோக்கிகளால் இவ்விதம் பார்த்துத்தான், சாரிக்ளோ என்னும் சிறு பாறைக்கும் சனிக்கு இருப்பதுபோல் வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். "எனக்குத் தெரியவில்லை" என்ற வார்த்தைக்கு மரியாதை உள்ள சபை இதுதான். எந்த ஜோசியனாவது அந்த வார்த்தையைச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

அன்றியும், பெரிய ஆராய்ச்சிக்காரர் சொன்னதை அப்படியே நம்பு என்பதும் ஒருவிதப் புரோகிதமே. ஓலையை நம்பினவன் புத்தகத்தை நம்பினால் அது குருவை மாற்றிக் கொண்டதுதானே ஒழிய அறிவு வந்ததாகாது. தன் கண்ணால் சனியின் வளையத்தைப் பார்த்த பெண்ணிடத்தில் போய், "உனக்கு ஏழரை நாட்டுச் சனி" என்று பயமுறுத்திப் பாருங்கள், அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நாம் இவ்வளவும் எழுதுகின்றோம்.

"கூலி போதாத நெசவாளி தொலைநோக்கிக்கு எங்கே போவான்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஜாதகம் கணிக்க, பொருத்தம் பார்க்க, பரிகாரம் செய்ய, பெயர்ச்சிக்குப் பெயர்ச்சி யாத்திரை போக அதே நெசவாளி கொடுக்கும் பணத்தை ஒரு தெருவார் சேர்த்து எழுதிப் பார்க்கட்டும். அவன் நெய்து, யாரோ ஒருவர் முகூர்த்தத்துக்கு உடுத்துகின்றாரே, அப்படிப்பட்ட நல்ல ஜரிகைப் பட்டு ஒன்றின் விலைக்குள் ஒரு தெருவுக்கான கண்ணாடி வந்துவிடும். அன்றியும், அரக்கு நிறத்துக்கும் அதற்கு ஒரு பிடி கூடிய அரக்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கின்ற கண், ஒரு நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரத்தைவிட எவ்வளவு மங்கல் என்று சொல்லாதா? வெளிச்சம் மாறும் நட்சத்திரத்தைப் பார்ப்பதென்றால் அந்த வேலைதான்.

ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலை அந்தஸ்தோடு, காஞ்சி மடத்துப் பெரியவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகமே நடக்கின்றது. அங்கே சமஸ்கிருதமும் சொல்லித் தருகின்றார்கள். இன்ஜினீயர் படிப்பும் சொல்லித் தருகின்றார்கள். அதைப் பற்றி இங்கே சண்டைக்குப் போகவில்லை. நாம் கேட்பதெல்லாம், மதில் சுவருக்கு வெளியே இருக்கும் ஏனாத்தூர்க்காரனுக்குச் சனி இருக்குமிடத்தை யார் காட்டுவது என்பதுதான். யாரோ காட்டுவார்கள் என்று இருந்தால் முடியாது. நாமே காட்ட வேண்டியதுதான். 1925-ம் வருஷத்தில் இதே காஞ்சீபுரத்து மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்கு இடமில்லை என்றபோது பெரியார் வெளியேறினார். கேட்டும் கொடுக்காத இடத்தில் காத்துக் கிடக்கக் கூடாது என்பதுதான் அன்று இந்த ஊர் நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம்.

ஆகவே நம் தோழர்கள் செய்ய வேண்டியதாவது: ஒவ்வொரு படிப்பகமும் ஒரு தொலைநோக்கி வாங்குவது, அல்லது கண்ணாடி தேய்த்துச் செய்து கொள்ளுவது. மாதம் இரண்டு இரவாவது தெருவில் வைத்து, ஆண் பெண் பேதமில்லாமல், சேரித் தெரு ஊர்த் தெரு என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் காட்டுவது. கண்டதைத் தேதி மணியோடு நோட்டில் எழுதி உலகத்துச் சங்கங்களுக்கு அனுப்புவது. பக்கத்து ஊர்ப் படிப்பகத்தின் குறிப்போடு ஒத்துப் பார்ப்பது. சூரியனை மாத்திரம் தக்க வடிகட்டி இல்லாமல் ஒருபோதும் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். 2031 மே 21-ந் தேதி மதுரை, ராமேஸ்வரம் பக்கங்களில் கங்கண கிரகணம் தெரியப் போகின்றது. நமக்குப் பாதிக் கிரகணமாவது தெரியும். அன்று கர்ப்ப ஸ்திரீகளையும் அழைத்து வந்து காட்டிச் சாப்பாடும் போட வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆயுத பூஜையன்று தொலைநோக்கிக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்து விடாதீர்கள்! அது உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து 48 நாள் குளத்துக்குள்ளிருந்து அத்திவரதரை எடுத்து வைத்தார்கள். தேசமெங்குமிருந்து ஜனங்கள் திரண்டு வந்து வெய்யிலில் மணிக்கணக்காக நின்றார்கள். 40 வருஷத்துக்கு ஒரு முறை என்ற கணக்குப்படி மறுபடியும் 2059-ல் வருமாம். ஹாலி என்பவர் 1682-ல் வந்த ஒரு வால் நட்சத்திரம் 1758-ல் திரும்பி வரும் என்று கணக்கிட்டுச் சொன்னார். அவர் 1742-ல் செத்துப் போனார். வால் நட்சத்திரம் சொன்னபடி வந்தது. 1910-லும் 1986-லும் வந்தது. 2061-ல் மறுபடியும் வரப் போகின்றது. இன்று ஏனாத்தூரில் தூளியில் கிடக்கின்ற குழந்தை இரண்டையும் பார்க்க இருக்கின்றது. குளத்துச் சாமி, மனிதர்கள் தண்ணீரை இறைத்துத் தூக்கி வைத்தால்தான் வெளியே வரும். வால் நட்சத்திரமோ யாரும் தூக்காமல், யாரும் கும்பிடாமல், யாருக்கும் தட்டு நீட்டாமல் தானாகவே வரும். அந்தக் குழந்தை அன்று எந்த வரிசையில் நிற்பது என்பதை இன்று நாம் வாங்குகின்ற கண்ணாடிதான் முடிவு செய்யப் போகின்றது.